நீல வளையமும் ஒரு சதவீதமும்: கால்கரி நகரம் பொதுக் கலைக்குச் செலவிட்ட வரிப்பணம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வை ஏன் எடுத்துக்கொண்டேன்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள கால்கரி நகரத்தில், 2013-லும் 2017-லும் இரண்டு சிற்பங்களை முன்வைத்துப் பெரிய சர்ச்சை எழுந்தது. இரண்டும் வரிப்பணத்தில் செய்யப்பட்டவை, சாலைத் திட்டங்களோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. இரண்டாவது சர்ச்சை முற்றியபோது, புதிய பொதுக் கலைப் பணி எதையும் தொடங்கக் கூடாது என்று நகர மன்றமே நிறுத்தி வைத்தது.

இது ஊழல் கதை இல்லை. செலவுக்கு ஒரு விதி இருந்தது. அந்த விதியை நகர மன்றம் முறையாக நிறைவேற்றியிருந்தது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அப்படி இருந்தும், தன் பணம் எந்த வழியாகப் போய் ஒரு இரும்பு வளையமாக நின்றது என்று வரி கட்டியவருக்குத் தெரியவில்லை. கணக்கு ஒளிக்கப்படவும் இல்லை, அவர் கைக்கு வந்து சேரவும் இல்லை. இந்த இடைவெளிதான் என் அக்கறை. மேயர், மன்ற உறுப்பினர்கள், கலைஞர்கள் என்று இதில் வருகிற யாருடைய பெயரையும் இங்கே சொல்லவில்லை. நடைமுறையைப் பார்க்க அது தேவைப்படவில்லை.

பின்னணி: ஒரு சதவீத விதி

கட்டுமானச் செலவில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்குவது பழைய வழக்கம். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா 1959-லேயே இதைத் தொடங்கியது. சியாட்டில் 1973-ல் ஒரு சதவீதம் என்று சட்டமாக்கியது. கால்கரி நகர மன்றம் 2004 ஜனவரியில் தன் பொதுக் கலைக் கொள்கையை ஏற்றது. 10 லட்சம் டாலருக்கு மேல் போகும் நகராட்சியின் மூலதனத் திட்டங்களில் 1 சதவீதம் கலைக்கு. பாலமோ, தீயணைப்பு நிலையமோ, கழிவுநீர் ஏற்று நிலையமோ, எதைக் கட்டினாலும் இதே விதிதான்.

கேட்பதற்கு நேர்மையான ஏற்பாடு. ஆண்டுதோறும் கலைக்கு எவ்வளவு என்று சண்டை போட வேண்டியதில்லை. யாருக்குச் செல்வாக்கு அதிகமோ அவருக்குப் பிடித்த சிலை என்ற நிலையும் வராது. கட்டுமானம் நடந்தால் கலைக்கும் பணம் வரும், நடக்காவிட்டால் வராது.

ஆனால் இதே ஏற்பாட்டுக்குள் ஒரு குறை இருக்கிறது. பணம் தனிப் பதிவாகப் பட்ஜெட்டில் உட்காருவதில்லை. பாலத்தின் செலவுக்குள் பாலத்தின் ஒரு பகுதியாகவே உட்கார்ந்திருக்கிறது. பாலத்துக்கு ஒப்புதல் கிடைக்கும்போதே கலைக்கும் கிடைத்துவிடும். இந்தச் சிற்பத்துக்கு இவ்வளவு தரலாமா என்று வெளிப்படையாக ஒரு கேள்வி எழ வேண்டிய நாளே வருவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் சிற்பம் வருவதற்குச் சற்று முன்புதான் கால்கரி மக்கள் வேறொரு செலவுச் சண்டையை முடித்திருந்தார்கள். நகரின் வழியே ஓடும் 'போ' (Bow) ஆற்றின் மேல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமாகச் சிவப்பு நிறத்தில் ஒரு பாலம் 2012 மார்ச்சில் திறக்கப்பட்டது. அமைதிப் பாலம் என்று பெயர். செலவு சுமார் 2 கோடியே 45 லட்சம் டாலர். பொதுக் கலைத் திட்டத்துக்கும் அந்தப் பாலத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வடிவமைப்பாளரைப் போட்டியில்லாமல், டெண்டர் விடாமல் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கோபம் ஆறாமல் இருந்தது. 'அழகுக்காக நகராட்சி செலவு செய்கிறது' என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் மனநிலை அங்கிருந்தே கிளம்பியது.

2013: நீல வளையம்

2013 ஜூனில் கால்கரியைப் பெருவெள்ளம் தாக்கியது. நகரின் மையப் பகுதி உட்பட ஆற்றோரக் குடியிருப்புகள் காலி செய்யப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில், விமான நிலையத்துக்கு அருகே வடகிழக்கு 96-ஆம் அவென்யூவில் ஒரு பாலத்தோடு ஒட்டி ஒரு சிற்பம் எழுந்தது. சுமார் 17 மீட்டர் உயரமுள்ள நீல வளையம். நின்று பார்த்தால் உள்ளே எதுவும் இல்லை, வெறும் வட்டம். உச்சியில் சாதாரணத் தெருவிளக்குகள் செருகப்பட்டிருக்கும். சாலையோரத்து விளக்குக் கம்பம் ஒன்று அப்படியே வளைந்து, உருண்டு, வட்டமாகிவிட்டது போன்ற யோசனை. 'டிராவலிங் லைட்' என்று தலைப்பு. செய்தவர்கள் பெர்லினைச் சேர்ந்த ஒரு கலைஞர் குழு. செலவு சுமார் 4,70,000 டாலர்.

மக்கள் காதுக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டு செய்திகள் மட்டுமே: நீல வட்டம், 4,70,000 டாலர். இரண்டுக்கும் நடுவே இருந்த எதுவும் வரவில்லை.

நகரத்தின் மேயரே தனக்கு அது பிடிக்கவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். நகராட்சியின் தலைவர் நகராட்சி வாங்கிய பொருளைக் குறை சொல்வது அவருடைய நேர்மையைக் காட்டலாம். ஆனால் கேட்பவர் மனதில் உடனே வேறொரு கேள்வி வரும்: சரி, மேயருக்கே பிடிக்கவில்லை என்றால், இதற்குச் சரி சொன்னது யார்?

அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. தேர்வுக் குழு ஒன்று இருந்தது, கலைஞர்களுக்கு அழைப்பு விடும் நடைமுறை இருந்தது. அரசியல்வாதிகள் கலையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில்தான் அப்படி வைத்திருந்தார்கள். அதன் பலன், பொறுப்பு ஏற்க முகமில்லாத ஒரு முடிவு. மன்றம் விதியைச் செய்தது, குழு கலைஞரைத் தேர்ந்தது, திட்டப் பிரிவு பணத்தைக் கொடுத்தது. மக்கள் யாரைப் பார்த்துக் கேட்பது?

என்னென்ன கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது

எழுந்த கேள்விகளை நான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். பிடிக்கவில்லை என்பதைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். அது ரசனை, அதற்கு எந்தக் கணக்கும் பதில் சொல்லாது.

முதல் கேள்வி: இந்தப் பணத்தில் பள்ளம் மூடியிருக்கலாமே, பேருந்து விட்டிருக்கலாமே? நகராட்சிக் கணக்கைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதற்கு உடனே பதில் வரும். மூலதனப் பணம் வேறு, நடப்புச் செலவு வேறு. வீடு கட்ட வாங்கிய கடனில் மாதாந்திர மளிகை வாங்க முடியாது. பாலத்துக்கு ஒதுக்கிய நிதியின் ஒரு பங்கை எடுத்துப் பேருந்து ஓட்டுநருக்குச் சம்பளம் தர முடியாது. பதில் சரிதான். ஆனால் ஒரு பாதிதான் சரி. கலைக்கு வைத்த அந்த ஒரு சதவீதத்தை அதே பாலத்தின் நடைபாதைக்கு வைத்திருக்க முடியாதா என்றால், விதியை மாற்றினால் முடியும். 'முடியாது' என்று அதிகாரி சொல்லும்போது, விதி இருக்கும்வரை முடியாது என்றுதான் பொருள். விதி மக்களுடையது என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இரண்டாவது: ஏன் வெளிநாட்டுக்காரர்? ஒரு தொகைக்கு மேலான பணிகளில் உள்ளூர்க்காரர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று கட்டுப்படுத்த வர்த்தக ஒப்பந்தங்கள் இடம் தருவதில்லை என்பது விளக்கம். இதையும் அழைப்பு விடும் நாளில் சொல்லியிருந்தால் அது தகவலாக இருந்திருக்கும். சிற்பம் நின்ற பிறகு சொன்னதால் சாக்குப்போக்காகக் கேட்டது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு வளையத்துக்கு எப்படி 4,70,000 ஆகும்? இதைக் கேட்பவர்களில் பெரும்பாலானோர் அவ்வளவும் கலைஞரின் பைக்குப் போயிற்று என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு பொதுச் சிற்பத்தின் செலவு அப்படி அமைவதில்லை. கலைஞரின் கட்டணம் அதில் ஒரு பகுதி. கட்டமைப்புப் பொறியாளர் காற்றின் வேகத்தையும் பனியின் எடையையும் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். எஃகை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, வண்ணம் பூச வேண்டும். அதைப் பகுதி பகுதியாக லாரியில் கொண்டுவந்து கிரேனில் தூக்கி நிறுத்த வேண்டும். மின் இணைப்பு, காப்பீடு, எதிர்பாராச் செலவுக்கென்று ஒரு கையிருப்பு. 17 மீட்டர் உயரத்தில் ஒற்றைக் கால் போல நிற்கும் வளையம் காற்றில் சாயாமல் இருக்க, பூமிக்குக் கீழே கணிசமான கான்கிரீட் போக வேண்டும். அந்தச் செலவு மண்ணுக்குள் இருக்கிறது. யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை.

மொத்தத் தொகையை மட்டும் சொல்வது அரை உண்மை. அது வெளிப்படைத்தன்மை போலத் தெரியும், ஏனென்றால் எண் சரியான எண். ஆனால் பாகுபடுத்தாத எண் ஆத்திரத்தைத் தவிர வேறு எதற்கும் பயன்படாது. அதை வைத்து ஒரு குடிமகன் இது அதிகம், இது நியாயம் என்று எதையும் சொல்ல முடியாது.

2014: விதியைத் திருத்தினார்கள்

சர்ச்சைக்குப் பிறகு நகர மன்றம் கொள்கையை எடுத்துத் திருத்தியது. 2014-ல் வந்த மாற்றத்தின்படி, திட்டச் செலவில் முதல் 5 கோடி டாலருக்கு 1 சதவீதம், அதற்கு மேலான பகுதிக்கு 0.5 சதவீதம், எந்தத் திட்டமானாலும் 40 லட்சம் டாலர் உச்சவரம்பு. 10 கோடி டாலர் திட்டத்துக்குக் கணக்குப் போட்டால், முன்பு 10 லட்சம் கலைக்குப் போயிருக்கும், இப்போது ஏழரை லட்சம். 75 கோடி டாலர் திட்டத்தில்தான் உச்சவரம்பே எட்டும். தேர்வில் பொதுமக்களின் பங்கும் கூட்டப்பட்டது. கட்டும் இடத்திலேயே கலையை வைத்தாக வேண்டும் என்ற இறுக்கமும் தளர்ந்தது. அதிகம் பேர் நடமாடாத சாலையோரத்தில் ஏன் வைத்தீர்கள் என்ற கேள்விக்கு அதுவே பதில்.

மன்றத்தின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கோபம் வந்தது, கேட்டார்கள், மாற்றினார்கள். ஆனால் மாற்றியது எதை? எவ்வளவு கொடுப்பது என்பதை. 'எவ்வளவு' என்ற கேள்விதான் கூச்சலில் உரக்கக் கேட்டது. அதற்குக் கீழே இருந்த 'எப்போது சொன்னீர்கள், என்னவென்று சொன்னீர்கள்' என்ற கேள்வி அப்படியே கிடந்தது. சதவீதத்தைக் குறைத்ததால் அடுத்த சண்டையில் எண் கொஞ்சம் சின்னதாக இருந்திருக்கலாம், அவ்வளவே.

இதில் காலமும் ஒரு சிக்கல். பொதுக் கலைப் பணி ஒன்று அழைப்பிலிருந்து திறப்பு வரை வர ஆண்டுக்கணக்கில் ஆகும். விதி மாறினாலும், பழைய சூழலில் தொடங்கிய பணிகள் குழாயில் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றில் ஒன்று வெளியே வந்து விழும்போது ஊரின் நிலைமை வேறாக இருக்கலாம். கால்கரியில் அப்படித்தான் ஆனது. 2014 இறுதியில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. எண்ணெய்த் தொழிலை நம்பியிருந்த நகரத்தில் வேலைகள் போயின, அலுவலகக் கட்டடங்கள் காலியாயின.

2017: கோபுரங்கள்

2017 ஆகஸ்டின் தொடக்கத்தில், நகரின் மேற்கு நுழைவாயிலில், டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையும் போஃபோர்ட் சாலையும் சந்திக்கும் இடத்தில் 'போஃபோர்ட் டவர்ஸ்' திறக்கப்பட்டது. துருவேறிய நிறத்தில் நெட்டுக்குத்தாக நிற்கும் எஃகுத் தூண்கள். அவற்றின் இடையில் அப்பகுதி மலைப்பாறையின் தட்டையான பலகைகள் தூக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். செய்தவர் நியூயார்க் கலைஞர். பணி ஒதுக்கீடு 5 லட்சம் டாலர்.

பழைய கேள்விகள் ஒன்று விடாமல் திரும்பின: வெளியூர்க்காரர், அரை மில்லியன், காரில் போகிறவர் ஒரு நொடி பார்க்கும் இடம். கட்டுமானத்தில் மிச்சமான கம்பிகள் என்று பலர் நினைத்தார்கள். இவற்றோடு இன்னும் கனமான ஒன்றும் சேர்ந்தது. கால்கரி நிற்கும் நிலம் பிளாக்ஃபுட் பூர்வகுடிகளின் பாரம்பரிய நிலம். தூண்களுக்கிடையே தூக்கிப் பிடிக்கப்பட்ட பாறைகள், தங்கள் முன்னோர் இறந்தவர்களை வைத்த பரண்களை நினைவூட்டுவதாக அவர்களில் சிலர் சொன்னார்கள். கலைஞர் தனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை என்றார். இருக்கலாம். ஆனால் அந்த ஒற்றுமையை ஒரு வரைபடத்தைக் காட்டியிருந்தாலே அவர்கள் சொல்லியிருப்பார்கள். எஃகை வெட்டும் முன் மாற்றியிருக்கலாம்.

வெளிப்படைத்தன்மை என்றால் பணக் கணக்கு மட்டும் என்று நினைத்து இந்த ஆய்வைத் தொடங்கிய எனக்கு, இந்த இடம் யோசனையைத் திருத்தியது. யாரிடம் கேட்டீர்கள், எப்போது கேட்டீர்கள் என்பதும் செலவுக் கணக்கின் பகுதி. காலம் கடந்து கேட்டால் அதற்கும் விலை உண்டு.

நிறுத்தி வைத்த முடிவு

2017 செப்டம்பரில், கொள்கையை மறுபரிசீலனை செய்யும்வரை புதிய பொதுக் கலைப் பணிகளை நிறுத்தி வைக்க மன்றம் வாக்களித்தது. அக்டோபர் 16-ல் நகராட்சித் தேர்தல். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்களை நான் தடுக்க மாட்டேன். அதே சமயம், மக்களின் நம்பிக்கை போய்விட்டது என்று தெரிந்த பிறகு ஒரு மன்றம் தன் கையைக் கட்டிக்கொள்வது தவறு என்றும் சொல்ல மாட்டேன்.

நிறுத்தியதற்கும் விலை இருந்தது. கோபத்துக்குக் காரணமான இரண்டு பெரிய பணிகளையும் செய்தவர்கள் வெளிநாட்டுக் கலைஞர்கள். அவர்கள் தங்கள் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கதவு மூடியது, அடுத்த அழைப்புக்காகக் காத்திருந்த உள்ளூர்க் கலைஞர்களின் முகத்தில். சின்னப் பணிகளும் பெரிய பணிகளும் ஒரே கூடையில் போடப்பட்டன. உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கவில்லையே என்று எழுந்த கோபம், உள்ளூர்க்காரரின் வேலையையும் சேர்த்து நிறுத்தியதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது.

பின்னர் நடந்தவை

மறுபரிசீலனை நீண்டது. கடைசியில், பொதுக் கலைத் திட்டத்தை நகராட்சி அலுவலகத்திலிருந்து எடுத்து, நகராட்சி நிதியில் இயங்கும் கலை வளர்ச்சி அமைப்பிடம் 2021-ல் ஒப்படைத்தார்கள். கலை தெரிந்தவர்கள் கையில் கலை போவது நல்லதுதான். தனித்தனித் திட்டத்தோடு கட்டிப்போடாமல் பணத்தைச் சேர்த்து வைத்து, தேவையான இடத்தில் செலவிடவும் இது வசதி.

ஆனால் வெளிப்படைத்தன்மை என்ற கோணத்தில் பார்த்தால், வரி கட்டுபவருக்கும் சிற்பத்துக்கும் நடுவே இன்னொரு அலுவலகம் வந்திருக்கிறது. நகர மன்றத்தின் கூட்டத்தில் எழுந்து கேட்கக்கூடிய கேள்வியை இனி எங்கே போய்க் கேட்பது என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருந்தால், ஒப்படைப்பு நிர்வாகத்துக்குச் சுகம், குடிமக்களுக்குச் சுமை.

ஒரு ஒப்பீடு. நியூயார்க்கில் 1981-ல் அமெரிக்க அரசின் பணத்தில், 1,75,000 டாலர் செலவில், ஒரு சதுக்கத்தின் குறுக்கே நீண்ட எஃகுச் சுவர் போன்ற சிற்பம் ஒன்றை நிறுத்தினார்கள். அங்கும் பணம் கட்டடச் செலவின் அரை சதவீத விதியிலிருந்தே வந்தது. அங்கும் சதுக்கத்தை நாள்தோறும் கடக்கிற ஊழியர்கள் எதிர்த்தார்கள். எட்டு ஆண்டுச் சண்டைக்குப் பின் 1989-ல் அதை வெட்டி எடுத்தார்கள். கால்கரி தன் வளையத்தை அப்படிச் செய்யவில்லை. அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். நீக்குவதற்கும் வரிப்பணம்தானே வேண்டும்.

எதை மாற்றியிருக்கலாம்

சதவீதத்தில் நான் கை வைத்திருக்க மாட்டேன். நேரத்தில்தான் கை வைத்திருப்பேன்.

ஒரு பாலத்துக்கு ஒப்புதல் கேட்டு மன்றத்துக்கு வரும் கோப்பிலேயே, கலைக்கான தொகை தனிப் பதிவாக, அதன் எண்ணோடு இருக்க வேண்டும். அதன் மேல் யாராவது எதிர்ப்புச் சொன்னால், அந்த எதிர்ப்பு அன்றைக்கே பதிவாகட்டும். அப்போது மேயருக்கும் உறுப்பினர்களுக்கும் 'எனக்குத் தெரியாது' என்ற வசதி இருக்காது. குழுவின் தேர்வில் அவர்கள் தலையிடக் கூடாது என்பதில் எனக்கு உடன்பாடு. தொகைக்கு அவர்கள் பெயர் போட வேண்டும் என்பதிலும் உடன்பாடு.

அப்புறம், பாகுபடுத்திய கணக்கு. கலைஞர் கட்டணம், பொறியியல், பொருளும் தயாரிப்பும், அடித்தளமும் நிறுவலும், காப்பீடு, கையிருப்பு என்று ஆறு வரிகள் போதும். கலைஞர்களில் சிலர் தங்கள் கட்டணம் வெளியே தெரிவதை விரும்புவதில்லை. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கட்டணம் தெரியாதபோது மக்கள் மொத்தத்தையும் அவர்கள் தலையில்தான் ஏற்றுகிறார்கள். மறைத்தால் கலைஞருக்கே நஷ்டம்.

பராமரிப்பு ஏழாவது வரி. வெளியே நிற்கும் பொருளில் வண்ணம் மங்கும், விளக்கு அணையும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு எஃகைத் தின்னும். மூலதனப் பணத்தில் பிறந்த சிற்பத்தை நடப்புச் செலவில்தான் வளர்க்க வேண்டும். திறப்பு விழாவில் சொல்லும் எண்ணில் இது பெரும்பாலும் சேர்வதில்லை.

இவற்றையெல்லாம் எங்கோ ஓர் ஆவணக் கோப்பில் வைத்தால் 2004-ன் கதைதான் மறுபடியும் நடக்கும். நான் விரும்புவது ஒரு பலகை. குழி தோண்டும் நாளில், வேலியில், சாலையில் போகிறவர் நின்று படிக்கும் உயரத்தில். இங்கே என்ன வரப்போகிறது, ஒரு வரைபடம். யார் தேர்ந்தெடுத்தார்கள், யாரிடமெல்லாம் கேட்டார்கள். எவ்வளவு, அந்த ஆறேழு வரிகள். எந்தத் தேதிவரை உங்கள் கருத்தைச் சொல்லலாம், யாரிடம். அந்தத் தேதி எஃகை வெட்டும் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

வளையம் இன்றும் விமான நிலையச் சாலையோரத்தில் நிற்கிறது. அந்த வழியாகப் போகிற ஒருவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, இது எதற்கு, எவ்வளவு, யார் சொல்லி என்று கேட்டால், அந்த இடத்திலேயே அவருக்குப் பதில் கிடைக்குமா என்பதைத்தான் நான் முதலில் போய்ப் பார்ப்பேன்.